ஒரே பதிவேட்டில் ஒரு குடும்பம்

பிரேசிலில் 2001-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட 'கதாஸ்த்ரோ யூனிக்கோ' என்னும் ஒருங்கிணைந்த பதிவேடு, தனிநபரை அன்றிக் குடும்பத்தையே அலகாகக் கொண்டு, ஒரு வீட்டில் வாழ்வோரின் வருமானம், கல்வி, குடிநீர் வசதி முதலியவற்றை ஒரே நேர்காணலில் திரட்டும் தரவுத்தளமாகும். 2003-இல் நான்கு தனித்தனி உதவித் திட்டங்கள் 'போல்சா ஃபமிலியா' என்னும் குடும்ப உதவித்தொகைத் திட்டமாக இணைக்கப்பட்டபோது, பயனாளிகளைக் கண்டறிய இப்பதிவேடே அடித்தளமாயிற்று.

பணம் வழங்குவதைவிட முக்கியமானது அதன் பிறகு நிகழ்வதே. பள்ளியின் வருகைக் கணக்கும் சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குறிப்பும் அதே குடும்பத்தின் விவரங்களோடு இணைக்கப்படுவதால், பிள்ளையின் வருகை குறையும்போது முதலில் எச்சரிக்கை மட்டுமே அனுப்பப்படுகிறது. 'கிராஸ்' எனப்படும் வட்டாரச் சமூக உதவி மையத்தின் பணியாளர்கள் அக்குடும்பத்தைச் சந்தித்து, காரணம் நோயா, பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டதா, வீட்டில் வன்முறையா என்று விசாரிக்கின்றனர். வருகைக் குறைவைக் குற்றமாகக் கொள்ளாமல் துயரத்தின் அறிகுறியாகக் கொள்ளும் இந்த அணுகுமுறையே இவ்வமைப்பின் தலையாய சிறப்பு எனலாம்.

எனினும் வறியோரின் வருமானம் மாதந்தோறும் மாறுவதால், இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டியுள்ளது. அதற்கு இணையம் மட்டும் போதாமையால், அமேசான் ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்குப் பணியாளர்கள் படகிலேயே செல்கின்றனர்.