வயல்காரரைக் கேட்டீரா?



போன வாரம் இதே தென்காசியில் மேடை போட்டு ஓர் அண்ணாச்சி முழங்கினார். கொடுங்கோலன் எந்த நாட்டில் இருந்தாலும் படை அனுப்பி அவனை இறக்குவதுதான் தர்மம் என்றார். ஈராக் என்றார், லிபியா என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். கடைசியில் 1987-க்கு வந்தார். இலங்கைக்கு நாம் அனுப்பிய அமைதிப்படையின் கையால் யாழ்ப்பாணத்தில் செத்த பொதுமக்களைப் பற்றி, "களை பறித்தால் நாலு நெல்லும் சேர்ந்துதான் வரும்" என்றார். அதற்குக் கைதட்டலும் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு நெல்லா? 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் படை நுழைந்தது. கட்டிலில் கிடந்த நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். மறுநாள் காலையில், நாங்கள் டாக்டர்கள் என்று சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு வந்த குழந்தை மருத்துவரையும் சுட்டார்கள். நான் கதை கட்டவில்லை. அந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆசிரியர்களே சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை'யில் இருக்கிறது, வாங்கிப் படியுங்கள். எழுதியவர்களில் ஒருவர் ரஜனி திராணகம. விடுதலைப் புலிகளையும் விடவில்லை, ராணுவத்தையும் விடவில்லை, எல்லோரையும் கேள்வி கேட்டார். 1989 செப்டம்பரில் சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் அவரையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

சரி, அண்ணாச்சி சொன்ன களைக்கே வருகிறேன். இங்கே களை பறிக்கப் போகிற பெண்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வயல்காரர் கூப்பிடாமல் எவர் வயலிலாவது இறங்கியிருக்கிறீர்களா தாயே? எது களை, எது நெல் என்று தெரியாதவரை வரப்பில் நிற்கவாவது விடுவீர்களா? அண்ணாச்சி, நீர் வயல்காரரைக் கேட்டீரா?

போரே கூடாது, எல்லாம் பேசித் தீர்க்கலாம் என்று கண்ணை மூடிக்கொள்கிற கூட்டமும் இருக்கிறது. அவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாம் பூலித்தேவர் மண்ணில் பிறந்தவர்கள். 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் ஆற்காடு நவாபின் பெயரைச் சொல்லி நெற்கட்டும்செவலுக்குக் கப்பம் கேட்டு வந்தபோது, பூலித்தேவர் பேசித் தீர்க்கவா உட்கார்ந்தார்? கோட்டைக் கதவைச் சாத்தினார். ஹெரான் வெறுங்கையோடு திரும்பினான். அது அவருடைய மண், அவருடைய போர்.

வெளியிலிருந்து படை போவதையும் நான் ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 1971-ஐப் பாருங்கள். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் வங்க மக்கள் முதலில் ஓட்டுப் போட்டார்கள். 1970 டிசம்பரில் முஜிபுர் ரஹ்மான் கட்சிக்குப் பெரும்பான்மை கொடுத்தார்கள். ஆட்சியைக் கொடுக்காமல், 1971 மார்ச் 25 ராத்திரி டாக்காவில் துப்பாக்கியைத் திருப்பியது பாகிஸ்தான் ராணுவம். ஒரு கோடிப் பேர் நம் நாட்டுக்குள் ஓடி வந்தார்கள். முக்தி வாஹினி என்று அவர்களே ஆயுதம் தூக்கினார்கள். அவர்கள் கூப்பிட்டார்கள், நம் படை போனது. டிசம்பர் 16-ல் டாக்கா விழுந்தது. அடுத்த மார்ச்சிலேயே நம் படை ஊர் திரும்பிவிட்டது. அங்கே வயல்காரர் கூப்பிட்டார் அய்யா!

1987-ல் யார் கூப்பிட்டார்? ஜூலை 29-ல் கொழும்பில் நம் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாருடைய உயிரைப் பற்றிய ஒப்பந்தமோ, அந்தத் தமிழர் தரப்பில் ஒருவர் கையெழுத்தும் அந்தத் தாளில் கிடையாது. கேட்டீரா? கேட்கவில்லையே!

எங்கள் தெருவில் ஒரு மாமா அந்த அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். முதல் மாதம் பூமாலை போட்டார்களாம். ஒழுங்கையில் ஒரு பாட்டி, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டு, தென்காசிப் பக்கம் என்றதும், "குற்றாலத்து அருவியில தண்ணி வருதோ?" என்று விசாரித்துத் தேத்தண்ணி கொடுத்ததாம். புலிகளோடு நடந்த அக்டோபர் சண்டை முடிந்து அதே ஒழுங்கையில் மாமா போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பாட்டி எங்கே என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் நம் சிப்பாய்களிலும் ஆயிரம் பேருக்கு மேல் செத்துவிட்டார்கள். அவர்களையாவது யாராவது கேட்டார்களா?

அண்ணாச்சியை எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்தருவியில் தண்ணீர் கொஞ்சம் வேகமாக விழுந்தால் போதும், கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் தோளுக்குப் பின்னால் ஒளிகிறவர். அவர் சொல்கிறார், பிள்ளைகளே போருக்குப் போங்கள் என்று! அவர் வீட்டுப் பையன் எந்த ரெஜிமெண்டில் இருக்கிறான்? கேளுங்கள்!

ஈராக்கில் தர்மம் ஜெயித்ததாம். சதாம் கொடியவன், மறுக்கவில்லை. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் குர்து மக்களை விஷவாயு விட்டுக் கொன்றான். அப்போது அமெரிக்கா யார் பக்கம் நின்றது? அவன் பக்கம்! பதினைந்து வருஷம் கழித்து, 2003-ல், பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிக் குண்டு போட்டார்கள். நாடு முழுக்கத் தோண்டிப் பார்த்தும் ஆயுதம் கிடைக்கவில்லை. பாக்தாத் தெருவில் செத்தவனிடம் யார் போய்க் கேட்டார்கள்?

அக்கரைத் தமிழன் மேல் அண்ணாச்சிக்கு அவ்வளவு பாசம் என்றால் துப்பாக்கியே வேண்டாம். 1983-லிருந்து ஓடி வந்தவர்கள் இன்றைக்கும் நம் தமிழ்நாட்டு முகாம்களில்தான் இருக்கிறார்கள். இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே கல்யாணம் முடித்த பிள்ளைகளையும் அகதி என்றுதான் எழுதிவைத்திருக்கிறார்கள். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் அதில் வந்தன, இலங்கை வரவில்லை. அப்போது அண்ணாச்சி வாயைத் திறந்தாரா? படை அனுப்பச் சொல்லத் தெரிந்தவருக்கு ஒரு மனு அனுப்பத் தெரியவில்லையா?

மனுவை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், இந்த மேசை மேல்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கப் போகிறோம். முதல் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அண்ணாச்சி வந்து போடட்டும். அடுத்த கையெழுத்து என்னுடையது. மற்றவர்கள் வரிசையில் வாருங்கள்.