நேதாஜியை எடைபோடும் முறை



சிங்கைத் தமிழரிடையே பெரிதும் போற்றப்பட்டவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். ஜப்பானியரோடு கைகோத்தவர் என்று கடுமையாகக் குறைகூறப்பட்டவரும் அவரே. இவ்விரு தீர்ப்புகளையும் சான்றுகளோடு வைத்து ஆராய்வதே வரலாற்று மாணவரின் கடமையாகும்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரு நாட்கள் கழித்து, லிட்டில் இந்தியாவை அடுத்த ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் பலரைக் கொண்டு உருவான இந்திய தேசிய இராணுவம், மோகன் சிங் ஜப்பானியருடன் பிணங்கியதால் அவ்வாண்டின் இறுதியில் நிலைகுலைந்தது. 1943 ஜூலை 2ஆம் நாள் இங்கு வந்த போஸ் அதற்குப் புத்துயிர் ஊட்டினார். அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார்.

அதற்கு நான்கே நாட்கள் முன்னர், அக்டோபர் 17ஆம் நாள், சயாம் பர்மா ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பசியாலும் வாந்திபேதியாலும் அங்கே மடிந்தனர். அப்பணி தொடங்கிய 1942ஆம் ஆண்டில் போஸ் ஜெர்மனியில் இருந்தார். ஆள் திரட்டியவர் அவரல்லர். எனினும், அப்பாதையை அமைத்தவர்களையே அவர் துணையாகக் கொண்டார். அதே ஜப்பானியர் 1942இல் இத்தீவின் சீன மக்களைக் கொன்று குவித்ததும் மறைக்கவியலாத உண்மை. நிதி வழங்கத் தயங்கிய வணிகர்கள் அச்சுறுத்தப்பட்டதும் உண்டு.

தராசின் மறுதட்டையும் நோக்குவோம். டேங்க் ரோடு செட்டியார் ஆலயத்தார் போஸை அழைத்தபோது, சாதி சமய வேறுபாடின்றி அனைவரையும் அனுமதித்தாலன்றி வருவதற்கில்லை என அவர் உறுதியாகக் கூறினார். ஆலயத்தார் இசைந்தனர். அவர் தம் இஸ்லாமியத் தோழர் ஆபிட் ஹசன் முதலானோருடன் ஆலயத்தினுள் சென்றார். வாட்டர்லூ வீதியில் கேப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படை முகாமில், பால்மரத் தோட்டத்துப் பெண்களும் வசதி படைத்த குடும்பத்துப் பெண்களும் ஒன்றாகப் பயிற்சி பெற்றனர். அப்படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பன் பின்னாளில் மலேசிய நாடாளுமன்ற மேலவையில் அமர்ந்தார். கங்காணிக்கு முன் குனிந்து நின்ற சமூகம் நிமிர்ந்ததில் அவருக்குப் பங்குண்டு.

ஆகவே, அவருடைய நோக்கத்தின் தூய்மை துணைவர்களின் கொடுமையைக் கழுவிவிடாது. துணைவர்களின் கொடுமையும் அவர் ஊட்டிய தன்மானத்தை அழித்துவிடாது. இரண்டையும் ஒருசேர ஏற்பதே நேர்மையான மதிப்பீடு.

1945 ஜூலையில் எஸ்பிளனேடில் போஸ் அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச்சின்னத்தை, திரும்பிவந்த பிரிட்டிஷார் தகர்த்தனர். 1995இல் அவ்விடத்தில் நினைவுப் பலகை நிறுவப்பட்டது. ஆனால் ரயில்பாதையில் மாண்ட எண்ணற்ற தமிழரின் பெயர்கள் பெரும்பாலும் கல்லில் பொறிக்கப்படவில்லை. இல்லங்களில் எஞ்சியுள்ள கடிதம், புகைப்படம், நன்கொடைச் சீட்டு ஆகியவற்றையும், மூத்தோர் சொல்லிச் சென்ற பெயர்களையும் இளைய தலைமுறையினர் எழுதிக் காத்தல் வேண்டும். படையில் சேர்ந்தவர் பெயரோடு பாதையில் வீழ்ந்தவர் பெயரும் அவ்வேட்டில் இடம்பெறுக.