மார்க்குக் குறைந்தால் மனுப்போடக் கூடாதா?

(அருப்புக்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்த விஷயம் புராணத்தைப் பற்றியதல்ல. அதைக் கேட்கலாம் என்று வந்தவர்கள் ஏமாற்றமடைய வேண்டாம். புராணம் எங்கேயும் ஓடிப்போய் விடாது. டாக்டர் படிப்புக்கு மனுப்போடும் காலம் மாத்திரம் வருஷத்திற்கு ஒரு தடவைதான் வருகிறது. ஆகவே அதைப் பற்றியே சொல்லுகிறோம்.

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரே பேச்சைக் கேட்கிறோம். கரிமூட்டம் போடுகிறவர் சொல்லுகிறார். இங்கே தறி நெய்கிறவரும் அதையே சொல்லுகிறார். "போன வருஷம் இத்தனை மார்க்கோடு சீட்டு நின்னு போச்சாம். எம் மக எடுத்தது அதுக்குக் கீழே. மனுப்போட்டு எதுக்குங்க வீண் செலவு?" பையனாயிருந்தால் ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே என்கிறார்கள். பெண்ணாயிருந்தால் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரே, மாணவி வாய் திறப்பதற்கு முன் "உனக்குக் கிடைக்காது" என்று சொல்லியனுப்பியதும் நமக்குத் தெரியும். ஜாதகக் கட்டை நம்பாதே என்று இவ்வளவு காலம் சொல்லி வந்தோம். இப்போது மார்க்குக் கட்டு என்று ஒன்று அதன் இடத்தில் வந்து உட்கார்ந்து கொண்டது.

தோழர்களே, இதில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கொள்வதால்தான் இத்தனை தொல்லையும். முதற்கோடு தகுதி மார்க்கு. நீட் பரீட்சையில் அதற்குக் கீழே போனால் டாக்டர் படிப்பில் சேர முடியாது, அது சட்டம். இரண்டாவது கோடு, போன வருஷம் கடைசியாகச் சேர்ந்தவன் எடுத்திருந்த மார்க்கு. இது சட்டமுமல்ல, விதியுமல்ல. எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேர் எழுதினார்கள், கேள்வித்தாள் எப்படியிருந்தது, மேலே இருந்தவர்களில் எத்தனை பேர் வேறிடம் போனார்கள் என்பதைப் பொறுத்து வருஷா வருஷம் மாறுவது. ஒரே வருஷத்தில் முதற்சுற்றுக்கும் பின்சுற்றுக்கும்கூட மாறுவது. வகுப்புக்கு வகுப்பு வேறு. இந்த இரண்டாவது கோட்டைப் பார்த்து மனுவே போடாமலிருப்பது, போன வருஷம் மழை பெய்யவில்லை என்பதற்காக இந்த வருஷம் விதைக்காமலிருப்பது போன்றதாகும். நம் மானாவாரிக் குடியானவன் கூட அப்படிச் செய்வதில்லை.

அந்த முதற்கோட்டின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். பொதுப்பிரிவுக்கு 50 பெர்சன்டைல் வேண்டும் என்கிறார்கள். இதைக் கேட்டதும் நூற்றுக்கு ஐம்பது மார்க்கு என்று நம்மவர்கள் நினைத்துக் கொள்ளுகிறார்கள். அப்படியல்ல. எழுதியவர்களில் பாதிப்பேரை முந்தினால் போதும் என்பதுதான் அதன் அர்த்தம். 2017-இல் அந்தக் கணக்குப்படி வந்த மார்க்கு 720-க்கு 131. பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 107. நூற்றுக்குப் பதினெட்டும் பதினைந்தும்! இந்த மார்க்கு வாங்கியவனுக்குச் சர்க்கார் கல்லூரி எட்டாது. ஆனால் தகப்பனிடம் பணமிருந்தால் தனியார் கல்லூரி வாசல் திறந்துவிடும். பணமில்லாதவன் இதைவிட அதிகம் எடுத்தும் வெளியே நிற்பான். இதற்குப் பெயர் தகுதியாம்!

அதே 2017-இல், அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை சுமந்து பிழைத்தவரின் மகள் அனிதா, பிளஸ் டூ பரீட்சையில் 1200-க்கு 1176 எடுத்தார். முந்தின வருஷம் வரை இருந்த முறையில் அவருக்கு டாக்டர் இடம் நிச்சயம். நீட்டிலோ அவர் எடுத்தது 86. ஒரே பெண், ஒரே மூளை. ஒரு தராசில் முதல் தரம், இன்னொரு தராசில் தகுதிக்குக் கீழே. சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வழக்காடியும் பலனில்லாமல், அந்தச் செப்டம்பர் 1-ஆம் தேதி அந்தப் பெண்ணை நாம் இழந்தோம். ஆகவே ஒரு மார்க்கைக் காட்டி "இவள் இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால், "எந்தத் தராசு, அதைச் செய்தவன் யார்?" என்று கேளுங்கள்.

"மார்க்குக் குறைந்தவனை டாக்டராக்கினால் நோயாளி செத்துப் போவானே!" என்பது மிகப் பழைய கூச்சல். வகுப்புவாரி உத்தரவுப்படி நம் மாகாணத்தில் கல்லூரி இடங்களைப் பங்கிட்ட காலத்திலேயே இதைச் சொன்னார்கள். 1951-இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பங்கீட்டைச் செல்லாதென்றது. அதே வருஷத்தில் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. அதற்குப்பின் எழுபது வருஷத்திற்கு மேலாகி விட்டது. நோயாளிகள் செத்தார்களா? 2018-20 கணக்குப்படி, லட்சம் பிரசவத்திற்குச் செத்துப்போகும் தாய்மார் இந்தியா முழுமைக்கும் 97, தமிழ்நாட்டில் 54. 69 சதவிகித ஒதுக்கீடு உள்ள நாடு இது. 2007 முதல் 2016 வரை நுழைவுப் பரீட்சையே இல்லாமல் சர்க்கார் கல்லூரிகளில் டாக்டர்களைச் சேர்த்த நாடும் இதுதான். உள்ளே போகிற வாசல் வேறாயிருக்கலாம். வெளியே வருகிற கடைசிப் பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று கேளுங்கள். 2023-இல் மேல்பட்டப் படிப்பில் இடங்கள் காலியாகக் கிடந்தன. உடனே டில்லி சர்க்கார் தகுதியைப் பூஜ்யம் பெர்சன்டைலாக்கியது. அதாவது பரீட்சை எழுதியிருந்தால் போதும். பூஜ்யத்திற்குக் கீழே மார்க்கு வாங்கியவரும் தகுதியுடையவரே! அன்றைக்கு நோயாளிக்காக அழுதவர்கள் எத்தனை பேர்?

வெள்ளைக்காரன் தேசத்திலும் இந்தத் தகராறு உண்டு. அங்கே பரீட்சைக்கு முன்னாலேயே, இந்தப் பிள்ளை இன்ன மார்க்கு எடுக்கும் என்று வாத்தியார் எழுதியனுப்புவார். அதைப் பார்த்துத்தான் கல்லூரி இடம் தருவதாகச் சொல்லும். 2020-இல் கொரோனாவால் பரீட்சை நடக்கவில்லை. வாத்தியார் போட்ட மதிப்பைக் கணிப்பொறியிடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தின் பழைய தேர்ச்சியைப் பார்த்து, நூற்றுக்கு நாற்பதை ஒட்டி அது இறக்கிவிட்டது. ஏழைப்பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளை இருக்கக்கூடும் என்பது அதற்குத் தெரியவில்லை. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்டு 17-ஆம் தேதி சர்க்கார் பின்வாங்கியது. அதே தேசத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரி 2001 முதலே, தேர்ச்சி குறைந்த பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளைக் குறைந்த மார்க்கில் சேர்த்து, ஐந்து வருஷப் படிப்பை ஆறு வருஷமாக்கிச் சொல்லிக் கொடுத்து டாக்டராக்குகிறது.

இனி நம் ஊர்க் காரியத்திற்கு வருவோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்து, நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு, 2020-இல் வந்த சட்டப்படி நூற்றுக்கு 7.5 இடம் தனியே உண்டு. முதல் வருஷத்திலேயே 405 பேருக்கு டாக்டர், பல் டாக்டர் இடங்கள் கிடைத்தன. அதற்கு முன்னே கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான் கிடைத்து வந்தது. இந்தப் பட்டியலில் சீட்டு நிற்கிற மார்க்கு பொதுப்பட்டியலைவிட வெகுவாகக் கீழே. இப்படிச் சேருகிறவர்களின் சம்பளத்தைச் சர்க்காரே கட்டுகிறது. விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் 150 இடங்களோடு மருத்துவக் கல்லூரி திறந்தாகி விட்டது. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் ஒரு மணிக்குள் போய்விடலாம். இவ்வளவும் இருந்தும், பொதுப்பட்டியலின் மார்க்கைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கொண்டால், யார் மேல் குற்றம் சொல்வது?

தகுதிக்கோட்டுக்கே கீழே போன பிள்ளைகளிடம் பொய் ஆறுதல் சொல்ல மாட்டோம். அவர்களுக்கு இந்த வருஷம் டாக்டர் படிப்பு இல்லை. "சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று வருகிற தரகன் திருடன், காலணா கொடுக்காதீர்கள். மறுபடியும் எழுதலாம், ஆனால் காட்டை விற்று மூன்றாவது வருஷம் கோச்சிங்குக்குக் கட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். நர்சிங், பார்மசி பட்டப் படிப்புகளுக்கு 2025 வரை இங்கே பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கொடுத்து வந்தார்கள். டாக்டர் மனுவை நம்பி அந்த மனுவின் கெடுவைத் தவற விட்டவர்கள் உண்டு. இரண்டையும் போட்டு வையுங்கள்.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, சர்க்கார் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று ஆகிய மூன்றையும் பரீட்சை முடிவு வரும் வரை காத்திராமல் இப்போதே வாங்கி விடுங்கள். மனுவைக் கணிப்பொறியில்தான் போட வேண்டும். தெரியாதவர்கள் ஞாயிறு காலை நம் வாசகசாலைக்கு வரலாம். எழுதிக் கொடுக்க இரண்டு தோழர்கள் இருப்பார்கள். பெண் பிள்ளைகளின் மனுக்களை முதலில் எடுத்துக் கொள்வோம்.