ஓடி நின்ற பிறகு ஊதிப் பாருங்கள்

ஓடினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனால் ஓட்டத்தை நிறுத்திய பிறகும் நெஞ்சு இறுகி, இருமலும் இளைப்பும் கூடிக்கொண்டே போனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேகமாக மூச்சு விடும்போது மூச்சுக்குழலின் உட்பரப்பு வறண்டு, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் இது வரும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு இந்தத் தொந்தரவு இருந்தது. அந்த 67 பேர் வென்ற பதக்கங்கள் 41!

என்னிடம் பாட்மிண்டன் ஆடும் இளைஞர் ஒருவர் வந்தார். "ஆடும்போது சமாளிச்சிடறேன் டாக்டர், வந்து உட்கார்ந்தாதான் இருமல் பிச்சுக்கிட்டு வருது" என்றார். அதற்கு முன்பு ஓரிடத்தில் மூச்சை அளக்கும் கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்து, "எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். உட்கார்ந்த நிலையில் ஊதினால் பலருக்கும் நார்மலாகத்தான் வரும். ஓடவிட்டு அல்லவா ஊதச் சொல்ல வேண்டும்?

அவரை ட்ரெட்மில்லில் ஏற்றினோம். மூக்கில் கிளிப் போட்டுவிடுவோம். மூக்கு வழியாகப் போனால் காற்று ஈரமாகிவிடும். ஆறு முதல் எட்டு நிமிடம், நன்றாக வியர்க்கும் வேகத்தில் ஓட்டம். இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். இறங்கியதும் சோதனை முடிந்ததென்று நினைப்பார்கள். உண்மையில் அப்போதுதான் அது தொடங்குகிறது. 5, 10, 15, 30 நிமிடங்களில் திரும்பத் திரும்ப ஊதச் சொல்வோம். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதே கணக்கு. ஓடுவதற்கு முன் இருந்ததைவிட 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் குழல் இறுகுகிறது என்று பொருள். அந்த இளைஞருக்கு ஐந்தாவது நிமிடத்தில், திரையில் அந்த அளவைக் காட்டும் கோடு சரிந்தது. பத்தாவது நிமிடத்தில் இன்னும் சரிந்தது. திரையைப் பார்த்தவர், "அப்போ இது நிஜம்தானே டாக்டர்?" என்று கேட்டார். இன்ஹேலர் கொடுத்ததும் கோடு மேலேறியது.

சென்னை நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெரினாவில் ஓடவிட்டு ஊதச் சொன்னால் சோதனை ஏமாற்றிவிடலாம். ஈரக்காற்று குழலைக் காப்பாற்றிவிடும். ஏசி அறையின் வறண்ட காற்றோ, சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த காற்றோ வேண்டும்.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூச்சை உள்ளே இழுக்கையில் தொண்டையில் சத்தம் கேட்டு, நின்றதும் சட்டென்று சரியானால், கோளாறு குரல்வளையில் இருக்கக்கூடும். அதற்கு இன்ஹேலர் உதவாது. சோதிக்காமலே மருந்து வாங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

சோதனையன்று காலையில் காபி வேண்டாம், உடற்பயிற்சியும் வேண்டாம். எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இதயக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரம் முடிகிறது. மூச்சு இளைக்கிறதே என்று விளையாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இதை மருந்தால் கட்டுப்படுத்த முடியும்.