இருபது வயதுக்குள் ஒரு மனு

சேலம், நாமக்கல் பக்கம் தறிக்கூடத்துக்கும் நூல் மில்லுக்கும் போகிறவர்கள், வயசுப் பிள்ளையை வீட்டில் தனியாக விட மனமில்லாமல், பதினாறிலேயே தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கட்டிவைத்துவிடுவது இன்னும் ஓயவில்லை. ஒத்துவராவிட்டால் பின்னால் விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 நிறையுமுன் மணமான பெண், தனக்கு 20 நிறைவதற்குள் திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். இப்படிப்பட்ட திருமணம் தானாகவே செல்லாமல் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மனு போடாமல் கெடு தாண்டிவிட்டால் அது முழுத் திருமணமாக நிலைத்துவிடும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011-இல் சொல்லிவிட்டது.

விவாகரத்து கேட்டால், கணவன் கொடுமைப்படுத்தினான், கைவிட்டான் என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். இருவரும் சம்மதித்தாலும் ஓராண்டு பிரிந்திருந்த பிறகே மனு. ரத்து கேட்பவள் யார்மேலும் பழி சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் தந்த மாற்றுச் சான்றிதழையும் கல்யாணப் பத்திரிகையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் பிறந்த தேதி, இன்னொன்றில் முகூர்த்தத் தேதி. இடையில் 18 ஆண்டு நிறையவில்லை என்பதுதான் வழக்கே. பத்திரிகை அடிக்கவில்லையா? கல்யாண போட்டோவும் கோயில் ரசீதும் பேசும்.

வாழாவெட்டி என்று ஊர் பேசாதா என்பீர்கள். விவாகரத்துக்கும் ஊர் பேசத்தான் செய்யும். ரத்தானால் சட்டத்தின் கண்ணில் அவள் மணமாகாதவள். கைக்குழந்தை இருந்தால்? அது சட்டப்படியான பிள்ளைதான் என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு காக்கிறது. மறுமணம் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். இரு வீட்டாரும் வாங்கிய நகை, பணத்தைத் திருப்பித் தரவும் நீதிமன்றம் உத்தரவிடும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் எழுதி அத்துவிட்டாயிற்றே என்றால், அந்தத் தாளால் திருமணம் ரத்தாகாது. அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே.

கெடு தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் விவாகரத்துதான் வழி. வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி 15100, பதினெட்டு ஆகாத பிள்ளையென்றால் 1098. உங்கள் தெருவில் பத்தொன்பது வயதில் அப்படி ஒரு பெண் இருந்தால், அடுத்த பிறந்தநாளுக்கு முன்னால் இந்தச் செய்தி அவள் காதுக்குப் போய்ச் சேரட்டும்.