திருவப்பூருக்குப் போகும் பூத்தட்டுகள்

மாசி பிறந்துவிட்டால் புதுக்கோட்டையில் கடைக்குக் கடை ஒரே கேள்விதான்: "பூச்சொரிதல் என்னைக்கு?"

திருவப்பூர் முத்துமாரியம்மனுக்குப் பூ சாத்தும் இரவு அது. தேரோட்டம், பால்குடம் எல்லாம் பிறகு வரும். என்னைக் கேட்டால், இந்தக் கோயில் திருவிழாவில் தெருவுக்கே உரிய கலை பூச்சொரிதல்தான். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. பேட்டைக்குப் பேட்டை வசூல் செய்து, தங்கள் தெருவிலிருந்தே ஊர்வலம் கிளப்புகிறார்கள். முன்னால் தப்பாட்டம், நடுவில் பூத்தட்டு ஏந்திய பெண்கள், பின்னால் ரதத்தில் அம்மன் படம், கடைசியில் ஜெனரேட்டர் வண்டி.

இத்தனை ஊர்வலமும் இடிபடாமல் நகர்வதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். 1812இல் தீயில் அழிந்த நகரத்தை, விஜயரகுநாதத் தொண்டைமான் காலத்தில் நேர்நேரான அகல வீதிகளாகத் திரும்பக் கட்டினார்கள். அன்று போட்ட அந்த அகலத்தில்தான் இன்று ரதம் திரும்புகிறது. நடைபாதைக் கடைகள் விட்டுவைத்த மிச்சத்தில் என்று திருத்திச் சொல்ல வேண்டும்!

தட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கட்டிய சரம் அல்ல, உதிரிப்பூ. அடியில் அரளியும் செவ்வந்தியும். மேலே சம்பங்கி, ஓரத்தில் ரோஜா இதழ், நடுவில் கைப்பிடி மல்லிகை. கீரமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் பூ விளைவதால் இந்த மாவட்டத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. நடக்க நடக்க ஓரத்து இதழ்கள் சிந்தும். கூட வரும் பாட்டி, குனியாமலே முந்தானையில் பிடித்துத் திரும்பத் தட்டில் போடுவாள்.

கிரேக்கத்தின் பாத்ராஸ் நகரிலும் ஏறக்குறைய இதே பருவத்தில் கார்னிவல் நடக்கிறது. அங்கும் குழு குழுவாக வேடமிட்டு, அலங்கார வண்டிகளோடு வருவார்கள். கடைசியில் கார்னிவல் ராஜாவின் உருவத்தைத் துறைமுகத்தில் கொளுத்துவார்கள். அது கேலிக்கும் கும்மாளத்துக்கும், நம்முடையது நேர்த்திக்கடனுக்கு. ஆனாலும் "எங்க தெரு வண்டிதான் பெருசு" என்ற வீம்பு இரண்டு ஊருக்கும் பொது.

அந்த வீம்பில்தான் எனக்குக் குறை. சீரியல் பல்பு கட்டவுட் ஆண்டுக்காண்டு உயர்கிறது. அதன் வெளிச்சத்தில் செவ்வந்தியும் அரளியும் ஒரே நிறமாகிவிடுகின்றன. ஸ்பீக்கர் சத்தத்தில் பறையடி காதில் விழுவதே இல்லை. விழாக் குழுவினர் ரதத்தைப் பத்தடி பின்னால் வரவிட்டு, தட்டுக்காரர்களைப் பறைக்குப் பக்கத்தில் நடக்கவிட்டால் போதும். செலவும் குறையும்.