சத்தமும் மந்திரமும்
(ஒரு கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கத்தி வைக்காமல், உடம்புக்குள்ளிருக்கும் கட்டியைச் சத்தத்தைக் கொண்டே உடைக்கும் ஒரு கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதைக் கேட்டால் மந்திரவாதிகளுக்கு மெத்த சந்தோஷம் உண்டாகும். "மந்திர ஒலியால் வியாதி தீருமென்று நாங்கள் அன்றே சொல்லவில்லையா?" என்று கிளம்பி விடுவார்கள். ஆகவே, அது எப்படிப்பட்ட ஒலி என்று பார்ப்போம்.

அது விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் துடிக்கும், காதில் விழாத ஒலி. பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துப் பஞ்சைக் கொளுத்துவதுபோல் அதையும் ஒரு புள்ளியில் குவிக்கலாம். 1942-லேயே அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையார் இதைக் குவித்து மிருகங்களிடம் பரீட்சித்தார்கள். அது சுடுகிற வழி. சுடாமலே உடைக்கும் வழியை மிச்சிகன் சர்வகலாசாலையில் சார்ல்ஸ் கெய்ன் என்னும் பேராசிரியரின் கூட்டத்தார் தேடினார்கள். 2000-க்குப் பிந்திய சில வருஷங்களில் அங்கே மாணவியாயிருந்த ஜென் ஷூ என்ற சீனப் பெண்மணி, பன்றியின் இருதயத் தசையில் சோதனை செய்துகொண்டிருந்தார். கருவியின் இரைச்சல் தாங்காமல் கூட இருந்தவர்கள் முறையிட்டார்கள். அவர்களுக்காக, விநாடிக்கு விடும் ஒலித் தாக்குகளின் எண்ணிக்கையை இரைச்சல் காதுக்கு எட்டாத அளவுக்கு உயர்த்தினார். தசையில் துளை விழுந்தது!

நம்மூராயிருந்தால் அன்றைக்கே அங்கு ஓர் உண்டியல் வைத்திருப்பார்கள். அவர்களோ காரணத்தைத் தேடினார்கள். தசைக்குள் நுண்ணிய குமிழிகள் தோன்றிப் பெருத்து வெடிப்பதால் அணுக்கள் கூழாகின்றன. அந்தக் கூழை உடம்பே மெள்ள உறிஞ்சிக் கொள்கிறது.

2023 அக்டோபரில் அமெரிக்க சர்க்காரின் உணவு மருந்து இலாகா, ஈரல் கட்டிகளுக்கு இக்கருவியை உபயோகிக்க அனுமதித்தது. பரீட்சையில் 44 கட்டிகளில் 42-ல் குறித்த இடம் உடைந்தது. 44 பேரில் 3 பேருக்குக் கடும் உபாதை உண்டாயிற்று. இரண்டையும் அச்சிட்டார்கள். புற்றுநோய் குணமாகும், ஆயுள் நீளும் என்பதற்கு இதில் பரீட்சை நடக்கவில்லை என்பதையும் அந்த அனுமதியிலேயே சொன்னார்கள். எலும்பும் காற்றும் குறுக்கிட்டால் ஒலி தடைப்படும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

தாயத்துக்காரன் எவனாவது, தன்னிடம் வந்து குணமாகாமல் செத்தவர் எத்தனை பேர் என்று கணக்கு காட்டியதுண்டா?

மார்பில் கட்டி கண்ட பின்னும் வேப்பிலையடித்து மாதங்களைப் போக்கும் தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்கக் கருவி வேண்டியதில்லை. நாளைக் காலையில் பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கூடியவர்கள் இக்கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.